மெரூன் நூல்

ஜூன் 11, செவ்வாய்

இலக்கியா ஹாஸ்டலில் இருந்து வந்துவிட்டாள். பரீட்சை முடிந்து விடுமுறை. இரண்டு பை, ஒரு பக்கெட். பக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாமே என்றேன். "வேற யாராச்சும் எடுத்துப் புழங்குவாங்கம்மா" என்றாள்.

நான் பாத்திரம் துடைக்கும் துணி ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சூப்பர்வைசராக இருக்கும் நிட்டிங் கம்பெனியில், நூல் சுற்றி வரும் கோனில் மிஞ்சும் பருத்தி நூலை எனக்கென்று எடுத்து வருவார். பனியன் நூல் தலைமுடி போல மெலிசு. ஆறு இழையைச் சேர்த்துப் பிடித்தால்தான் குரோஷா ஊசியில் நிற்கும். ஒரு சாண் நீளத்துக்குச் சங்கிலி போட்டு, பிறகு திரும்பித் திரும்பி ஒரே பின்னல். டிசைன் எதுவும் கிடையாது. சதுரமாக வந்ததும் மூலையில் மாட்டிவைக்க ஒரு வளையம். டிவி பார்த்துக்கொண்டே பின்னிவிடலாம்.

இலக்கியா அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "எவ்வளவு மெத்துன்னு இருக்கு! கை கழுவறதுக்கு எனக்கொண்ணு போட்டுக் குடும்மா."

நான் செய்த எதையும் அவள் இதுவரை கேட்டதில்லை. பத்தாவது படிக்கும்போது பின்னிக் கொடுத்த பையை, தோழிகள் சிரிப்பார்கள் என்று அலமாரியில் போட்டவள். நூல் கடையில் கொடுத்த இந்த டைரி அரை வருஷமாகக் காலியாகக் கிடந்தது. இன்று எழுதலாம் என்று தோன்றியது.

அவள் கைதான் பார்க்கச் சகிக்கவில்லை. வெள்ளை வெள்ளையாக வெடித்திருக்கிறது. ஹாஸ்டல் தண்ணீர் அப்படி. தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். வேண்டாம், பிசுக்கு என்றாள்.

ஜூன் 15, சனி

ஒரு துணி போதவில்லை. முகத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதால் வளையத்தில் வேறு வேறு நிற நூல் கட்டிக் கொடுத்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளில் இவ்வளவு சுத்தம் யாருக்கு இருக்கிறது?

அவளுக்குப் பிடிக்குமே என்று கோழி வறுத்தேன். ஸ்பூனால் நாலு வாய் சாப்பிட்டாள்.

ஜூன் 21, வெள்ளி

மாடித் தொட்டி காலி. அவர் வேலையில் இருந்து வந்ததும் சத்தம் போட்டார். "தண்ணி விட்டு ரெண்டு நாள்கூட ஆகல. அதுக்குள்ள தொட்டி தீந்து போச்சா? ஏம்புள்ள, தண்ணியெல்லாம் எங்க போச்சு?"

"போர்வையெல்லாம் தொவைச்சனுங்க" என்றேன்.

அவர் முகம் கழுவப் போனபோது ஒரு போர்வையை எடுத்து நனைத்துக் கொடியில் போட்டேன்.

ஜூலை 3, புதன்

காலேஜில் இருந்து போன். இலக்கியாவின் வகுப்பு மேடம் பேசினார். கடைசி மூன்று பரீட்சையை அவள் எழுதவே இல்லையாம். ஹாஸ்டல் பாத்ரூமில் இருந்து வெளியே வரவில்லை, வார்டன் கதவைத் தட்டித்தான் கூப்பிட்டார் என்றார். "உங்ககிட்டச் சொல்லலைங்களா?" என்று கேட்டார். சொன்னாள் என்று சொல்லிவிட்டேன்.

அவளிடம் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஹாலுக்குப் போகலாம்னுதான் கெளம்புனேன்மா. கை கழுவிட்டுப் போலாம்னு போனேன். முடியல."

"என்ன முடியல?"

"கழுவி முடியல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவரிடம் நல்ல நேரம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

அவருக்குக் கம்பெனியில் ஏதோ மிஷின் தகராறு. முகம் சரியில்லை. நாளை சொல்லலாம்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. ஈரோட்டில் இருந்து நங்கையா வந்திருந்தார். இவருடைய அக்கா. வந்த வேகத்தில் "எங்கம்மிணி இப்படி எளைச்சுப் போயிட்டா!" என்று இலக்கியாவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி முத்தம் வைத்தார்.

இலக்கியா அவர் கையைத் தட்டிவிட்டு ஓடினாள். பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது. பாயசம் ஆறிப்போய் ஏடு கட்டும்வரை வெளியே வரவில்லை. நங்கையா பாவம், தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பஸ்ஸுல வந்த கை. தெரியாமத் தொட்டுப் போட்டேன். ஆனா அரசி, இது எனக்கென்னமோ சரியாப் படலை. புள்ளையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி மந்திரிச்சுக் கட்டு."

"பரீட்சை டென்ஷனுங் நங்கையா. அவ்வளவுதான்."

"பரீட்சைதான் முடிஞ்சு போச்சே."

அவர் கிளம்பியதும் இலக்கியா நாற்காலியைத் துடைக்கச் சொன்னாள். துடைத்தேன். அவர் குடித்த டம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னாள். வைத்தேன். வேண்டாம் என்றால் அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட ஒரு நாற்காலியைத் துடைப்பது எளிது.

ஜூலை 20, சனி

பின்னும்போது நூல் தரையில் படக் கூடாது. கோன் உருண்டுவிட்டால் அதுவரை போட்டதை வெட்டிப் போட்டுவிட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டும். இப்போது பெரிய எவர்சில்வர் டப்பாவுக்குள் கோனை வைத்துக்கொண்டு பின்னுகிறேன். இது நல்ல யோசனை. முன்னாடியே தோன்றவில்லை.

ஒரு முறை கை துடைத்த துணியை அவள் மறுபடி தொடுவதில்லை. பக்கெட்டில் போடுகிறாள். நான் கொதிக்க வைத்து, அலசி, மாடியில் காயப் போட்டு, பாலிதீன் பையில் எடுத்து வைக்கிறேன். பொழுது சரியாக இருக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

வெள்ளை நூல் இன்னும் தீரவில்லை. இருந்தாலும் வேறு நிறம் கிடைக்குமா என்று அவரிடம் கேட்டேன்.

"என்ன கலரு?"

"மெரூன் இருந்தா நல்லதுங்க."

"மெரூன் எதுக்கு?"

"அழுக்குத் தெரியாது."

கொண்டு வந்து கொடுத்தார். அருமையான நூல், விரலில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. சாயம் போக வெந்நீரில் அலசிவிட்டுப் பின்ன ஆரம்பித்தேன். பழைய வெள்ளைத் துணிகளை ஒரு பையில் கட்டி, அவர் கண்ணில் படாமல் குப்பை வண்டியில் போட்டேன். எத்தனை கொதிக்க வைத்தும் அவள் விரல் பட்ட இடத்துக் கறை போகவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கை வெடிப்பைக் காட்டத் தோல் டாக்டரிடம் போனோம். ஆட்டோ சீட்டில் என் பழைய சேலையை விரித்து உட்கார வைத்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுவம்மா?"

"எல்லாரும் கழுவுற மாதிரிதாங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். களிம்பு எழுதிக் கொடுத்தார். அவளை வெளியே அனுப்பிவிட்டு, "மனநல டாக்டர் ஒருத்தரைப் பாத்துடுங்கம்மா, தள்ளிப் போடாதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். களிம்பை ஒழுங்காகப் போடச் சொன்னார் என்றேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஒவ்வொரு துணியைக் கொடுக்கும்போதும் நான் சொல்ல வேண்டும்.

"சுத்தமா இருக்காம்மா?"

"சுத்தமா இருக்கு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"யோசிச்சுச் சொல்லும்மா."

வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னால் அது சேராது. கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்று அடுப்பில் பால் பொங்கியது, நான் திரும்பிவிட்டேன். அந்தத் துணி போயிற்று.

ஆகஸ்ட் 19, திங்கள்

இதை எழுதவே பிடிக்கவில்லை.

சில வாரங்களாக அவர் வேலை முடிந்து வந்ததும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் மோட்டார் ரூமில் சட்டையை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறார். கம்பெனிப் பஞ்சுத் தூசு பிள்ளைக்கு ஆகவில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். மறுபேச்சுப் பேசாமல் செய்தார். இன்று வந்தபோது மழை. நனைந்தபடி மோட்டார் ரூமில் நின்று லுங்கி கட்டிக்கொண்டிருந்தவர், உள்ளே குழாய் ஓடும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். காலையில் அவர் கிளம்பும்போதும் அதே சத்தம்.

மாடிக்குப் போய்த் தொட்டி வால்வை மூடிவிட்டார்.

பாத்ரூமுக்குள் இருந்து இலக்கியா, "அம்மா! தண்ணி!" என்று அலறினாள். கையெல்லாம் சோப்பு. கதவை முதுகால் இடித்தாள். கைப்பிடியைத் தொட முடியாதே.

"ஏனுங்க, தெறந்து விடுங்க!" என்று நான் கத்தினேன்.

"தெறக்க மாட்டேன். என்ன ஆயிடும்னு பாக்கறேன். சோப்போட வரட்டும் வெளிய. எம்பொண்ணு எனக்கு வேணும் அரசி. இந்த வீட்டுல நான் என் சட்டையோட நுழைஞ்சு எத்தன நாளாச்சு?"

"அப்பா, ப்ளீஸ்ப்பா. ப்ளீஸ்ப்பா." அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது. பிறகு குரலே வரவில்லை. மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும்.

குடிப்பதற்குப் பிடித்து வைத்திருந்த ஆற்றுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்து ஊற்றினேன். அடுத்த குடம். அடுத்தது. அவள் கழுவிக்கொண்டே இருந்தாள். அவர் மாடிப்படியில் நின்று பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மேலே போய் வால்வைத் திறந்துவிட்டார். அவர் அழுததை நான் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இன்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பரீட்சை விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். "எனக்குத் தெரியும். காலேஜ்ல எனக்கும் போன் பண்ணுனாங்க. நீ சொல்லுவீன்னு இருந்தேன்" என்றார்.

மத்தியானம் இலக்கியா தானாக வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். தொடாமல், ஒரு கை தூரத்தில்.

"கையில ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல."

"யாரு கண்ணு அப்படிச் சொன்னா?"

"ஆனா நல்லாக் கழுவலைன்னா உனக்கு ஏதாவது ஆயிடும்னு தோணுது. எங்கையில இருந்து சோத்துல பட்டு, நீ சாப்பிட்டு, நீ செத்துப் போயிடுவ. அப்படியே படமாத் தெரியுது. நெஜம் இல்லைன்னு தெரியுது. ஆனாலும் ஒருவேளை நெஜமா இருந்துட்டா? ஒரு தடவ கழுவிட்டாப் போச்சேன்னு போறேன். அப்புறம் அந்தத் தடவ சரியாக் கழுவலைன்னு தோணுது."

எனக்காகவா இத்தனையும்? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா கண்ணு."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. டீ போட்டுத் தரலாம் என்று எழுந்தேன். பால் காய்வதற்குள் மறுபடியும் கேட்டாள்.

செப்டம்பர் 5, வியாழன்

கோயமுத்தூரில் மனநல டாக்டர். பெயர் ஜெசிந்தா மேரி. இலக்கியாவின் அப்பாவே விசாரித்துப் போன் செய்து, லீவு போட்டு, வாடகைக் காரில் கூட்டிப் போனார்.

டாக்டர் இலக்கியாவிடம் தனியாக நெடுநேரம் பேசினார். பிறகு எங்களையும் அழைத்தார். இதற்கு ஓசிடி என்று பெயராம். நிறையப் பேருக்கு வருகிறது, மாத்திரை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, ஆனால் நாள் பிடிக்கும் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"அந்தத் துணியெல்லாம் யாரு பின்னுறது?" என்று கேட்டார்.

"நாந்தாங்க" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். கடைத் துண்டு அவளுக்குச் சொரசொரப்பாக இருக்கிறது, காயத்தில் உரசுகிறது என்று விளக்கினேன்.

"ரொம்ப நல்ல மனசோட செய்யறீங்க. ஆனா நிறுத்தணுங்கம்மா."

நான் புரியாமல் பார்த்தேன்.

"ஒவ்வொரு தடவையும் புதுத் துணி கெடைக்குதுன்னா, அவளோட பயம் நெஜம்னு ஆயிடுது. வீட்டுக்கு ஒரு சாதாரணத் துண்டு, எல்லாருக்கும் போல. படிப்படியாக் கொறைக்கலாம். அப்புறம் அவ கேட்கும்போது, சுத்தம்தான், நிச்சயம்தான், உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு பதில் சொல்லாதீங்க."

"புள்ள தவிச்சுப் போயிடுமேங்க."

"தவிப்பா. அந்தத் தவிப்பு ஒசந்து போயி, தானா எறங்கும். எறங்கும்னு அவ ஒரு தடவையாவது பாக்கணும். நீங்க நடுவுல துணியக் குடுத்துட்டா அவ அதப் பாக்கவே மாட்டா. நீங்க பின்னுறது அவளுக்குப் போய்ச் சேரலைங்கம்மா. அந்த நோய்க்குத்தான் போய்ச் சேருது."



செப்டம்பர் 6, வெள்ளி

அந்த டாக்டருக்குப் பிள்ளைகள் இருக்குமா?

ரத்தம் கசிகிற கையோடு ஒரு பெண் நிற்கிறாள், மெத்தென்று ஒரு துணி கொடுப்பது தப்பாம். இலக்கியாவின் அப்பா நூல் கோன்களையெல்லாம் மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். இலக்கியா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது என்கிறாள்.

செப்டம்பர் 14, சனி

பரணில் இருந்து ஒரு கோன் மட்டும் இறக்கினேன். சமையலறைக்கு நாலு துணி வேண்டியிருந்தது. நான்கையும் பின்னி ஆணியில் மாட்டினேன். சாயந்தரம் பார்த்தால் ஆணி காலியாக இருந்தது. இலக்கியா எடுத்திருப்பாள் போல.

மறுபடியும் சமையலறைக்குத் துணி வேண்டும்.

செப்டம்பர் 18, புதன்

டாக்டர் போனில் கேட்டார். துணி நிறுத்தியாயிற்று என்று சொன்னேன். இலக்கியா அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததா, வேறேதாவது இருந்ததா, எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

காலையில் அவளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் வீங்கிப் பளபளவென்றிருந்தன. வலது கையில் மணிக்கட்டு வரை சிவப்பு ஏறியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. அவர்தான் பார்த்தார். களிம்புக்கு மேல் அவள் எப்போதும் துணியைச் சுற்றி வைத்திருப்பதால் நான் சரியாகக் கவனிக்கவில்லை.

அந்தத் துணியை அவர் மெதுவாகப் பிரித்தார். மெரூன். வெடிப்பில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தண்ணீர் விட்டு ஊற வைத்து எடுத்தார். உள்ளே சீழ்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இது புதுசு, அரசி."

நான் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"கோன மேல போட்டுட்டேனே. இது எங்கிருந்து வந்துச்சு?"

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. துணியைத் தரையில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி சொல்லப் போனார். மறுபடியும் துணி பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அட்மிட் செய்திருக்கிறார்கள். கிருமி ரத்தத்தில் ஏறாமல் இருக்க ஊசி போடுகிறார்கள்.

செப்டம்பர் 25, புதன்

இரண்டு கையிலும் பெரிய கட்டு. குத்துச்சண்டைக்காரி போல இருக்கிறாள். கழுவ முடியாது. நான்தான் ஊட்டிவிடுகிறேன். பயத்தில் பாதி வாயைத் துப்பிவிடுகிறாள்.

ஜுரம் குறைந்திருக்கிறது. ஜுரம் குறையக் குறைய மற்றது ஏறுகிறது.

"ஒரே ஒரு ஈரத் துணிம்மா. கட்டுக்கு வெளிய தெரியுதே, அந்த விரல் நுனிய மட்டும் தொடச்சு விடு. ஒரே ஒரு தடவ."

என் கைப்பையில் குரோஷா ஊசியும் ஒரு சின்ன உருண்டை நூலும் இருந்தன. எதற்காக எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் மதியச் சாப்பாடு கொண்டு வந்தபோது இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க" என்றேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 26, வியாழன்

ஜெசிந்தா டாக்டருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். துணி நிறுத்தவில்லை, பொய் சொன்னேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "இப்ப நிறுத்த முடியுமாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மறுபடியும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்தது.

"அம்மா, கழுவாத கையோட உன் பக்கத்துலயே இருக்கேன். உனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

நான் ரசம் சாதத்தைப் பிசைந்தேன்.

"சொல்லும்மா. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு. நீ செத்துட மாட்டியே?"

அந்த வார்த்தை என் தொண்டையில் இருந்தது. ஆகாது கண்ணு. அத்தனை சின்ன வார்த்தை. எத்தனையோ முறை சொன்னது. சொன்னால் அவள் முகம் தெளியும், பால் காயும் நேரத்துக்காவது.

"எனக்குத் தெரியாது கண்ணு" என்றேன்.

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "என்னம்மா சொல்ற?"

"எனக்குத் தெரியாது."

"அம்மா! பயமா இருக்கும்மா, ஏம்மா இப்படிப் பண்ற? சொல்லும்மா!" கட்டுப் போட்ட கையால் கட்டில் கம்பியை இடித்தாள். அடுத்த படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் வந்து நின்றார். வியர்வை அவள் கழுத்தில் ஓடியது. என்னைக் கெட்டவள் என்றாள். வெளியே போ என்றாள். போனால், போகாதே என்றாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு என் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தேன். எட்டிப் பிடித்தால் அவளுக்கு இன்னும் பயம். பேசினால் தப்பு. துணி இல்லை. ஒரு தாய்க்கு இதைவிடத் தண்டனை வேறென்ன வேண்டும்?

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜன்னல் வெயில் கட்டில் காலில் இருந்து சுவருக்கு நகர்ந்திருந்தது. அழுகை விக்கலாகி, விக்கலும் இடைவெளி விட்டு விட்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"பசிக்குதும்மா" என்றாள்.

ரசம் சாதம் ஆறிப்போயிருந்தது. முழுவதையும் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் தெரியாது என்றேன். நேற்றைவிட அதிகமாக அழுதாள். சாப்பிடவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்து நாளாகிறது. காயம் ஆறிவிட்டது. புதுத் தோல் ரோஜா நிறத்தில், குழந்தைத் தோல் போல இருக்கிறது. வாரம் ஒரு முறை கோயமுத்தூருக்குப் போகிறோம். மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். இந்த வருஷம் காலேஜ் இல்லை என்று முடிவாகிவிட்டது.

மிச்சமிருந்த கோன்களை அவர் கம்பெனிக்கே கொண்டுபோய்விட்டார். பாத்ரூமில் பச்சைத் துண்டு ஒன்று, மூன்று பேருக்கும். அவள் இன்னும் அதைத் தொடவில்லை. கையை உதறி உதறிக் காய வைக்கிறாள்.

அவர் நேற்று வேலைச் சட்டையோடு சமையலறை வரைக்கும் வந்தார். அவள் அறைக்குள் போய்விட்டாள். ஆனால் தரையைக் கழுவச் சொல்லவில்லை. இதை நல்லது என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

என் கைக்குத்தான் வேலை இல்லை. டிவி பார்க்கும்போது விரல்கள் தானாக மடங்குகின்றன.

நவம்பர் 12, செவ்வாய்

இன்று மோசமான நாள். காலையில் கேஸ் சிலிண்டர்க்காரர் வாசலில் வந்து நின்றதில் ஆரம்பித்தது. இலக்கியாவின் அப்பா வேலைக்குப் போய்விட்டார். இலக்கியா பாத்ரூமுக்குள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

சாம்பாருக்குத் தாளித்துவிட்டு அடுப்பை அணைத்தேன். பாத்ரூம் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். கதவைத் தட்டவில்லை. போதும் வா என்று சொல்லவில்லை. சொன்னால் கழுவுவது நடுவில் அறுந்து முதலில் இருந்து ஆரம்பிப்பாள் என்று தெரியும்.

"அம்மா, அங்க இருக்கியா?"

"இருக்கேன்."

"ஒரு துணி குடும்மா. பழசு ஏதாவது இருக்குமில்ல. ஒண்ணே ஒண்ணு."

"இல்ல கண்ணு."

"தேடிப் பாரும்மா."

"இல்ல."

உள்ளே அழுதாள். நானும் அழுதேன், சத்தம் வராமல். குழாய் ஓடியது. தொட்டியில் எவ்வளவு மீதி இருக்கும் என்று ஒரு பக்கம் மனசு கணக்குப் போட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. கால் மரத்துப் போயிற்று.

குழாய் நின்றது. கதவு திறந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி வெளியே வந்தாள். முழங்கை வரை தண்ணீர் சொட்டியது. உதறினாள். மறுபடியும் உதறினாள். என்னைப் பார்த்தாள்.

பிறகு குனிந்து, தரையில் கிடந்த என் முந்தானையை எடுத்தாள். காலையில் இருந்து சமைத்த சேலை. மஞ்சளும் கரியும் பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு, அதில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக. அவள் உடம்பு நடுங்குவது சேலை வழியாக எனக்குத் தெரிந்தது. நான் அசையவில்லை.

துடைத்து முடித்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் பட்டது.

அப்புறம் எழுந்து மறுபடியும் உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

முந்தானை நனைந்து கனத்தது. பொழுது சாயும்வரை நான் சேலை மாற்றவில்லை.